கதவு விலை வேறு, கதவுச் செலவு வேறு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கதவு மாற்றுவது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், தச்சர் இல்லையே சார்" என்றேன். "தச்சு வேலை வேண்டாம், நீங்கள் செலவு செய்த கணக்கைச் சொல்லுங்கள், போதும்" என்றார். எங்கள் வீட்டுப் பின்கதவு பட்ட பாடு தெருவுக்கே தெரியும். மறுக்க முடியவில்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் பின்கதவும் அந்தக் காற்றில் பெயர்ந்துபோனது. விழுந்த பலா மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். பொங்கலுக்குள் கதவு வேண்டும் என்ற அவசரத்தில் பச்சை மரத்தையே அறுத்து, மூன்று வாரத்தில் கதவு செய்து மாட்டிவிட்டேன். பாதிப் பணம் மிச்சம் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

முதல் சித்திரை வெயிலிலேயே கதவு முறுக்கிக்கொண்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊதி நிலையில் இறுகும். தச்சரைக் கூப்பிட்டு இழைப்போம். கோடையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். மறுபடியும் மழை, மறுபடியும் இறுக்கம். இப்படியே 12 வருடம் ஓட்டினேன்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. நம் ஊரிலும் விடாமல் கொட்டியது. மறுநாள் இரவு என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. முன்வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். பின்தெரு மேடு என்பதால் ஆட்டோ அங்கேதான் வந்து நின்றது. ஆனால் பின்கதவு திறக்கவில்லை. நான் உள்ளேயிருந்து இழுக்கிறேன், பக்கத்து வீட்டுத் தம்பி வெளியிலிருந்து தள்ளுகிறார். கடைசியில் கடப்பாரையால் நெம்பி உடைத்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம். 20 நிமிடம் ஆனது. உளுந்தூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம், பிழைத்துக்கொண்டார். மலிவாக வாங்கிய கதவு அன்று எனக்கு என்ன விலையாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு 2025 மாசியில் புதிதாகப் போட்டேன். கடையில் "கதவு என்ன விலை?" என்று கேட்டு, 25,000 ரூபாய் எடுத்து வைத்தேன். ஆன செலவு இது:

கதவு (காய்ந்த தேக்கு): 19,000
நிலை (வேங்கை): 9,500
கீல், தாழ்ப்பாள், பூட்டு: 4,200
தச்சர் கூலி: 4,500
கொத்தனார், சித்தாள், சிமெண்ட், மணல்: 3,800
பிரைமர், பெயிண்ட், கூலி: 3,000
கதவுக்கு மேல் தகர சன்ஷேடு: 5,500
வண்டி வாடகை, பழையதை அகற்றியது: 1,000
மொத்தம்: ரூ.50,500

100 ரூபாய் செலவில் கதவின் விலை 38 ரூபாய்கூட இல்லை. மீதி 62 ரூபாயை நாம் யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. உங்கள் ஊர்க்கடை விலை இதிலிருந்து மாறலாம். ஆனால் இந்த எட்டு வரிகளும் உங்கள் தாளில் இருக்க வேண்டும். விலை கேட்கும்போதே ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

இனி எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று சொல்கிறேன்.

முதலில் நிலையைப் பாருங்கள். அடிப்பகுதியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்காமல், தட்டினால் கெட்டியான ஓசை வந்தால் நிலையை மாற்ற வேண்டாம். நிலைச் செலவும், கொத்தனார் செலவில் பெரும்பகுதியும் மிச்சம். இறங்கினாலோ, கரையான் மண் தெரிந்தாலோ, பழைய நிலையில் புதுக் கதவை மாட்டாதீர்கள்.

நிலை மரத்தின் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். 7 அடி உயரம், 3½ அடி அகலம், கீழ்ப்படியோடு சேர்த்தால் 21 அடி நீளம். 5 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டை என்றால் 21 × 5 × 3 ÷ 144, அதாவது சுமார் 2.2 கனஅடி. சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். பில்லில் 3 கனஅடிக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து ஈரம். காற்றில் உலர ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும் என்பார்கள். சூளையில் உலர்த்திய மரமும் கிடைக்கிறது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் பெரிய கடைகளில் இருக்கும். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. புயல் முடிந்த கையோடு மலிவாக வரும் மரத்தை வாங்கி வைக்கலாம், உடனே கதவாக்கக் கூடாது.

மரம் மழைக்கு அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அதிகம் மாறாது. அதனால் கோடையில் மாட்டும்போது பக்கவாட்டில் 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவின் தலை விளிம்பும் அடி விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது என்று பெயிண்ட் அடிக்காமல் விடுவது வழக்கம். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். நிலையில் சுவரை ஒட்டும் பக்கத்தையும் விடக் கூடாது. இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

காற்று விஷயத்தில் கணக்கு இப்படி. 100 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் 7 × 3½ அடி கதவின் மேல் 100 கிலோவுக்கு மேல் எடை சாய்ந்து தள்ளுவது போல இருக்கும். நம் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. அந்த எடை முழுவதையும் தாழ்ப்பாளும் கீலும்தான் தாங்க வேண்டும். ஆகவே மேலும் கீழும் கனமான தாழ்ப்பாள், துருப்பிடிக்காத 5 அங்குலக் கீல் குறைந்தது மூன்று போடுங்கள். திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள். திருகித்தான் இறக்க வேண்டும். இந்த வரியில் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்தால் புயலன்று கதவே போய்விடும்.

குளியலறைக்கு மரம் வேண்டாம். டபிள்யூபிசி அல்லது பிவிசி கதவு தண்ணீருக்கும் கரையானுக்கும் தாங்கும். ஆனால் மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் பிவிசி வளைந்துவிடும். நம்மில் பலருக்கு 60 தாண்டிவிட்டது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பணத்துக்கு வருகிறேன். என் கணக்கில் 50,500-உடன் எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 55,550. மாதம் 4,500 ரூபாய் ஆர்.டி. 12 மாதம் கட்டினால் 54,000. வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,900 சேரும். கடன் வாங்காமல் கணக்கு நேராகிவிடும். இந்தக் கார்த்திகையில் தொடங்கினால் அடுத்த கார்த்திகையில் முதிரும். தையில் மரம் பார்த்து, பங்குனிக்குள் மாட்டிவிடலாம். கூலியில் ஒரு பகுதியை முதல் மழை பார்த்துத் தருவதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் தச்சர் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார். ஐப்பசியில் வந்து ஒரு தடவை இழைத்தும் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். எல்லாக் கதவுகளையும் ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். வீட்டில் வயதானவரையோ பிள்ளையையோ தனியாகத் திறக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியாத கதவைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கணக்குத் தாள் வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். பின்கதவு வழியாகவே வரலாம், இப்போது திறக்கிறது.