கெட்ட பாதையில் நாலு மணி நேரம்

(பரந்தனில் கூடிய வன்னிப் பழைய மாணவிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுவிஸிலிருந்து வந்தவளைப் பேசக் கேட்டால், பிள்ளைகள் தமிழ் படிப்பதைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மலைப்பாதையைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன்.

பரந்தன் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அதில் ஏறி நின்றால் போதும், உலகம் தெரியும். விடுதியில் இருந்து படித்த காலத்தில், ஆறு மலையை அறுத்து 'வி' வடிவப் பள்ளத்தாக்கை உண்டாக்கும் என்று புவியியல் பாடத்தில் எழுதி, படமும் கீறி, புள்ளியும் வாங்கினோம். நாங்கள் கண்ட ஆறோ கனகராயன் ஆறு. மாரியில் ஓடும், கோடையில் மணலாய்க் கிடக்கும்.

மலையை அறுத்த ஆற்றை நான் கண்டது கிராவ்புண்டன் மாநிலத்தில். பின் ரைன் என்று அதற்குப் பெயர். பிறகு பாசல் நகரத்தைத் தாண்டி ஒல்லாந்து வரை போகிற அதே ரைன் நதியின் ஒரு தலையாறு. தூசிஸ் என்ற ஊருக்கும் சில்லிஸ் என்ற ஊருக்கும் இடையில் அது மலையை வாளால் கீறினதுபோல் பிளந்திருக்கிறது. சுவர் சில இடங்களில் 300 மீற்றர் உயரம்; அடியில் ஆறு சில மீற்றர் அகலத்துக்குள் நெருக்குப்படுகிறது. கொப்பியில் கீறின 'வி' எவ்வளவோ விரிந்தது. இங்கே இரண்டு சுவரும் நேராக நிற்கின்றன.

இடத்தின் பெயர் வியாமாலா. அங்குள்ள ரொமான்ஷ் மொழியில் 'கெட்ட பாதை' என்று பொருள். இத்தாலிக்குச் சரக்கு கொண்டுபோன குதிரைக்காரரும் கோவேறு கழுதைக்காரரும் பட்ட பாடு அந்தப் பெயரில் இருக்கிறது. 1473இல் அயலூர்க்காரர் சேர்ந்து பாதையைத் திருத்தத் தீர்மானித்தார்கள். 1739இல் கட்டின கல்பாலம் இன்றும் நிற்கிறது. ஆற்றின் அடிவரை இறங்க 359 படிகள் உண்டு, அதற்குச் சீட்டு வாங்கவேண்டும். பேருந்தில் வருகிறவர்கள் அதோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நடைபாதைக்குச் சீட்டும் இல்லை, சனமும் குறைவு.

நாங்கள் நாலு பெண்கள் போனோம். ஒருத்தி முதியோர் இல்லத்தில், இரண்டு பேர் உணவகக் குசினியில், நான் துப்புரவு வேலையில். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்தும், மலையை ரயில் யன்னலால் மட்டும் பார்த்தவர்கள். போகிறோம் என்று சொன்னபோது வீடுகளில் வந்த கேள்வி ஒன்றுதான்: "அங்கை என்ன அலுவல்?" அலுவல் ஒன்றும் இல்லை என்று சொல்ல எங்களுக்கே வாய் வரவில்லை. கடைக்கு, கோயிலுக்கு, வேலைக்கு நடந்திருக்கிறோம். இடம்பெயர்ந்து மூட்டையோடும் நடந்திருக்கிறோம். இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களில் பலர் இதே சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் நடந்தவர்கள். ஒரு காரணமும் இல்லாமல் நடப்பதென்பது எங்கள் வயதுப் பெண்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

தூசிஸில் இருந்து முதலில் ஏற்றம். மேலே ஹோஹென் ரேட்டியன் என்ற பழைய கோட்டை இடிபாடு. பிறகு பைன் காடு, வேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதை. பெருவாகனங்கள் நெடுஞ்சாலையால் போய்விடுவதால் கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும், சில வளைவுகளில் அதுவும் கேட்காது. அந்த அமைதி முதலில் எங்களைக் கொஞ்சம் பயப்படுத்தியது என்றே சொல்லவேண்டும்.

அதன் பிறகு திராவெர்சினா தொங்குபாலம் வந்தது. 1996இல் அங்கே போட்ட பாலத்தை 1999இல் பாறை விழுந்து அழித்துவிட்டது. விட்டுவிடாமல் 2005இல் புதிதாகக் கட்டினார்கள். 56 மீற்றர் நீளம். ஒரு கரை மற்றதைவிட 22 மீற்றர் உயரம். அதனால் பாலமே கம்பியில் தொங்கும் மரப் படிக்கட்டு. இடைவெளியால் கீழே ஆழம் தெரியும், காலடிக்கு ஆடும்.

எங்களோடு வந்த அக்கா பாதிவழியில் படியிலேயே இருந்துவிட்டா. கிளாலிக் கடலேரியை இருட்டில் வள்ளத்தில் கைக்குழந்தையோடு கடந்த மனுசி அவ. "அப்ப பயப்பிடாதனீங்கள், இப்ப என்ன?" என்று கேட்டேன். "அப்ப பயப்பிட நேரமிருக்கேல்லை. இப்ப நேரமிருக்கு. ஆறுதலாப் பயந்திட்டு வாறன், நீங்கள் போங்கோ" என்றா. நாங்கள் போகவில்லை. நாலு பேரும் அந்தரத்தில் படியில் இருந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். பின்னால் வந்த ஒரு முதிய தம்பதி பேசாமல் காத்து நின்றார்கள். அக்கா எழும்பி, கம்பியைப் பிடித்தபடி மற்றக் கரைக்குப் போனா.

கடைசியில் சில்லிஸ். அங்கே புனித மார்ட்டின் தேவாலயத்துக் கூரையில் 12ஆம் நூற்றாண்டில் வரைந்த 153 மரப்பலகை ஓவியங்கள். ஓரங்களில் மீன்வால் முளைத்த விலங்குகள். கழுத்து நோகாமல் பார்க்க ஆளுக்கொரு கண்ணாடி தருவார்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாட்டில் அடையாளமிட்ட நடைபாதை சுமார் 65,000 கிலோமீற்றர். மஞ்சள் பலகையில் தூரம் போடமாட்டார்கள், நடக்கும் நேரத்தைப் போடுவார்கள். அதை 1930களில் தொடக்கியவர்களில் முக்கியமானவர் ஜே. ஜே. எஸ் என்ற பள்ளி ஆசிரியர். 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதையை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அந்தப் பாதையில் நடக்கும்போது பத்திரம் கேட்க எவரும் இல்லை. வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சூரிச்சிலும் பேர்ணிலும் எங்கள் மாணவிகள் பலர் இருக்கிறீர்கள். இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி, ஞாயிறு கோயில், இடையில் இரண்டு வேலை என்பது எனக்குத் தெரியும். இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களும் ஒரு நாளை ஒதுக்குங்கள். பனி போன பிறகு, யூனிலிருந்து ஒக்டோபருக்குள் போங்கள். அடி வழுக்காத சப்பாத்து வேண்டும், சீலை வேண்டாம். தண்ணீரும் சோற்றுப் பொதியும் கொண்டு போங்கள். மழை பெய்தால் திரும்பிவிடுங்கள், கல் விழும். அவசரத்துக்கு மலை மீட்பு இலக்கம் 1414. சூரிச்சிலிருந்து கூர், அங்கே மாறினால் அரை மணியில் தூசிஸ். திரும்ப சில்லிஸில் மஞ்சள் தபால் பேருந்து வரும். பின்னேரத்தில் எத்தனை மணிக்கென்று முதலே பார்த்து வையுங்கள்.