தார் பாலைவனத்தில் தண்ணீர் யாருக்கு?

(விவசாய அரங்கத் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பாலைவனம் என்றவுடன் பயிரே இல்லாத நிலம் என்று எண்ணிவிடுகிறோம். மேற்கு ராஜஸ்தான் அப்படிப்பட்டதன்று. கால்வாய் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜெய்சல்மர் பகுதியில் ‘கடீன்’ என்ற முறை இருந்தது. பாறைச் சரிவில் வழிந்தோடும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட கரை எழுப்பித் தேக்குவார்கள். நீர் மண்ணில் ஊறி வற்றியபின் அந்த ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பார்கள். மற்ற நிலங்களில் கம்பும் கொத்தவரையும். வயல் நடுவே கேஜ்ரி மரம். நம் ஊர் வன்னிதான் அது. அதன் தழை கால்நடைகளுக்குத் தீவனம். அந்த வாழ்க்கையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. ஜாகீர்தார்களின் சுரண்டலும் பஞ்சச் சாவுகளும் அதற்குள் இருந்தன. 1899ஆம் ஆண்டின் பஞ்சத்தை விக்கிரம ஆண்டு 1956ஐக் குறித்து ‘சப்பனியா’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆகவேதான் கால்வாய் பெரும் நம்பிக்கையாக வந்தது. 1958 மார்ச் 31 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சட்லெஜும் பியாசும் கூடுமிடத்திலுள்ள ஹரிகே தடுப்பணையிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளம். 1984க்குப் பின் அதன் பெயர் இந்திரா காந்தி கால்வாய். எந்தத் தனியார் முதலாளியும் இதை வெட்டியிருக்க மாட்டார். மக்கள் பணம் வெட்டியது.

ஆனால் தண்ணீர் முதலில் சேர்ந்த தலைப்பகுதியில் பருத்தியும் கோதுமையும் பெருகின. பல இடங்களில் மண்ணுக்கடியில் நீர் இறங்காத கடினப் படலம் உண்டு. வடிகாலும் போதவில்லை. ஹனுமான்கர் பக்கம் நிலத்தடி நீர் மேலெழுந்து, உப்புப் பூத்து வயல்கள் பாழாயின. அதை அங்கே ‘சேம்’ என்கிறார்கள். ஒரே கால்வாயின் தலையில் நீர் தேங்கி நிலம் சாகிறது; வாலில் நீரின்றிப் பயிர் சாகிறது. கடைமடை என்ற சொல்லை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2004இல் கர்சானா, ராவ்லா பகுதிகளில் முதற்கட்டப் பாசன விவசாயிகள் தங்கள் நீர்ப்பங்கு குறைக்கப்படுவதை எதிர்த்து எழுந்தனர். நமது தோழர்கள் முன்னணியில் நின்றனர். பாஜக அரசு துப்பாக்கிச் சூட்டால் பதிலளித்தது; விவசாயிகள் மாண்டனர். இதை முதற்கட்ட விவசாயிக்கும் இரண்டாம் கட்ட விவசாயிக்கும் இடையிலான வழக்காகவே ஆட்சியாளர்கள் காட்டினர்.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். ஆயிரம் ஏக்கருக்கு முதற்கட்டத்தில் 5.23 கன அடி, இரண்டாம் கட்டத்தில் 3 கன அடி என்பது கணக்கு. கர்சானா விவசாயியின் கோரிக்கை நியாயமானது என்றால், ஜெய்சல்மர் விவசாயிக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு மதகின் நீர்க்கணக்கையும் விவசாயிகள் முன் வைக்கச் சொல்லலாம். வடிகால் வெட்டும் செலவை அரசே ஏற்கப் போராடலாம். அவை போதா. குறைந்த நீரில் விளையும் பயிர் கட்டுபடியாக வேண்டும். கம்புக்கு ஆதரவு விலை ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. அந்த விலைக்குக் கொள்முதல் நடப்பது அரிது. வாங்க ஆளில்லாத பயிரை விதை என்று கடன்பட்ட விவசாயியிடம் எந்த முகத்தோடு சொல்வது?