முதல் இருபத்தெட்டு நாட்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் உயிரியல் படித்த நாட்களில், மழை பெய்த மறுநாள் காலை நாங்கள் ஆய்வுகூடத்தின் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடுவோம். தொட்டிக்கு மேலே சாய்ந்த கிளையில் மரத்தவளையின் வெள்ளை நுரைக்கூடு தொங்கும். சில நாட்களில் அதிலிருந்து வாற்பேத்தைகள் தண்ணீரில் விழும். "டீச்சர், எல்லாம் ஒரே கலத்திலிருந்துதானே வந்தது? எது கண்ணாக வேண்டும், எது வாலாக வேண்டும் என்று யார் சொன்னது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "பெரிய கேள்வி பிள்ளை, படித்துப் பார்" என்றார் டீச்சர்.

படித்தோம். ஜேர்மனியில் ஹில்டே மங்கோல்ட் என்ற மாணவி இதே கேள்வியோடு நியூட் என்ற நீர்வாழ் பிராணியின் முளையங்களை ஆராய்ந்தார். ஒரு முளையத்தின் முதுகுப் பக்கத்துச் சிறு துண்டை எடுத்து, வேறொரு முளையத்தின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார். அங்கே இரண்டாவது முதுகும் மூளையும் உருவாகின. வியப்பு என்னவென்றால், அந்த மூளை பெரும்பாலும் ஒட்டிய துண்டால் ஆனதன்று. வயிற்றுத் தோலாக வேண்டியிருந்த அயற்கலங்களே அத்துண்டின் சைகையைக் கேட்டு நரம்பாக மாறியிருந்தன. அந்த ஆய்வு 1924இல் வெளிவந்தது. அதே ஆண்டு, அடுப்பு வெடித்த விபத்தில், 25 வயதில் ஹில்டே காலமானார். அந்தக் கண்டுபிடிப்புக்காக அவரது பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பேமனுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரிலும் இதுவே நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் முளையத்தின் முதுகுப் பக்கக் கலங்கள் கீழிருந்து வரும் சைகையால் நரம்பாகின்றன. அந்தத் தகடு மடிந்து குழாயாகி, கருவுற்ற 28ஆம் நாளளவில் இரு முனையும் மூடிக்கொள்கிறது. மூடாமல் விட்டால் முதுகுத்தண்டு திறந்த குழந்தை பிறக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரந்தான் அப்போது ஆகியிருக்கும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பிணி என்பதே தெரியாது.

அப்படியொரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த தாய் எங்களிடம், "நான் என்ன பிழை செய்தேன் டொக்டர்?" என்று கேட்டார். கிளினிக்குக்குத் தவறாமல் வந்தவர், தந்த மாத்திரையெல்லாம் விழுங்கியவர். அவர் பிழை எதுவும் செய்யவில்லை. ஆனால் முதல் மாத்திரை அவர் கைக்கு வருமுன்பே அந்த 28 நாட்களும் கடந்துவிட்டிருந்தன. அதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லாதது எங்களைப் போன்றவர்களின் குறை.

அந்த மாத்திரை போலிக் அமிலம். அதன் கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். அதைக் குணமாக்கியது நம் விடுதியில் பாணில் பூசிக்கொடுத்த அதே மாமைட்! அதிலிருந்த சத்துத்தான் பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வொன்று, ஏற்கெனவே இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்குக் கருவுறுமுன்பே இதைக் கொடுத்தால், மீண்டும் அப்படி நேரும் அபாயம் 72 வீதம் குறைவதைக் காட்டியது.

எல்லாக் குறையையும் இது தடுக்காது, பெருமளவு தடுக்கும். மாமைட் மட்டும் போதாது, மாத்திரையே வேண்டும். பிள்ளை பெற நினைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கி, கர்ப்பத்தின் பன்னிரண்டாம் வாரம்வரை எடுக்க வேண்டும். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும், முன்பு இக்குறையுள்ள பிள்ளை பெற்றவர்களும் கூடிய அளவு வேண்டியிருப்பதால் முதலில் வைத்தியரிடம் கேட்கட்டும். நம் நாட்டில் புதுமணத் தம்பதியர் தம் பகுதி மருத்துவமாதுவிடம் பேசினாலே வழி கிடைக்கும்.

இன்று இங்கே தாய்மாரும் மாமியாரும் ஆசிரியைகளும் இருக்கிறீர்கள். தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பவர்களும் இருக்கிறீர்கள். கலியாண வீட்டில் கூறைச்சேலையைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று தொட்டியடியில் கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: அயலிலிருந்து வரும் சொல் நேரத்தோடு வர வேண்டும்.