எச்சில் இலையும் அடுப்பெரிக்கும்

(ஆலய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அன்னதானம் முடிந்ததும் எஞ்சுவது என்ன? எச்சில் இலை, மீந்த சோறு, காய்கறித் தோல், வாடிய மாலை. இவற்றைப் பைகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சமையலுக்குக் காசு கொடுத்து எரிவாயுத் தோம்பு வாங்குகிறோம்.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்றோர் ஊராட்சி உண்டு. மின்கட்டணம் அவ்வூருக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. 2003-இல் மரக்கழிவை வாயுவாக்கிக் குடிநீர் இறைக்கத் தொடங்கினார்கள். 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிவிட்டார்கள்! விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு ஏறத்தாழ 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்று நன்கு வீசும் வேறோர் இடத்தில் அதை நிறுவினார்கள். ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானமும் கண்டார்கள்.

நாமும் காற்றாலை வைக்கலாமே என்று இளைஞர்கள் கேட்கலாம். ஜொகூரில் காற்று மெல்லியது. மெர்சிங் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது வீசுமே தவிர, ஆண்டு முழுவதும் போதாது. ஓடந்துறைக்குக் காற்று, நமக்கோ குப்பை. மலேசிய வீடுகளின் குப்பையில் கணிசமான பங்கு உணவுக் கழிவு. 1.9.2015 முதல் ஜொகூரில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயம். தாளையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிறோம். சோற்றை மட்டும் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே அது அழுகி, மீத்தேன் வாயுவாகி, பூமியைச் சூடாக்குகிறது.

அதே வாயுவை மூடிய தொட்டியில் பிடித்தால் அடுப்பு எரியும். முதலில் பசுஞ்சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். சில வாரங்களில் வாயு வந்தபின், உணவுக் கழிவைத் தண்ணீரில் கலந்து அன்றாடம் அளவாக இட வேண்டும். வாழையிலையை நறுக்கிப் போட வேண்டும். மாலையின் நாரும் நூலும் கூடாது. வெளிவரும் கரைசல் நந்தவனத்துக்கு நல்ல உரம்.

ஒன்றை மறக்கலாகாது. திருவிழாவன்று மலைபோல் கொட்டிவிட்டு மறுநாள் மறந்தால் தொட்டி புளித்து, வாயு நின்றுவிடும். ஆகவே பணத்தைவிட ஆள்தான் முக்கியம். அடுத்த ஆண்டு வரவு செலவில் ஒரு சிறு தொட்டிக்கு இடம் ஒதுக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு குடும்பமாக, ஏழு குடும்பங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். முதல் பெயராக என் குடும்பத்தை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஆறு பெயர்களை இக்கூட்டம் கலைவதற்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.