சீகை மரமும் கருவேலமும்

நீலகிரிச் சரிவுகளில் வெளிர்மஞ்சள் பூக்களோடு நிற்கும் சீகை மரத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். தோல் பதனிட உதவும் பட்டையை உடைய இம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'வாட்டில்' வகைகளுள் ஒன்று. தாவர நூலில் இதன் பெயர் அகேசியா மியர்ன்சியை.

இப்பெயர் பிறந்த வரலாறு விந்தையானது. மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. பெயருக்கு ஆதாரமான கிளையோ ஆப்பிரிக்காவில், கென்யாவில் கிடைத்தது. சேகரித்தவர் எட்கர் மியர்ன்ஸ் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். பெல்ஜிய அறிஞர் டி வில்ட்மன் 1925-இல் அதனைப் புதிய சிற்றினமென விவரித்து, சேகரித்தவர் பெயரையே சூட்டினார். வேறு வாட்டில்களின் பெயரால் மயங்கி வழங்கப்பட்ட மரத்துக்குத் தனிப்பெயர் கிடைத்தது.

புதிய சிற்றினத்துக்குப் பெயரிடுவோர் அதன் விவரத்தை முறைப்படி வெளியிட வேண்டும். உலர்த்திய மாதிரி ஒன்றையும் காத்து வைக்க வேண்டும். பெயர் அம்மாதிரியோடு பிணைக்கப்படுகிறது. பின்னாளில் ஐயம் எழுந்தால் அதனையே எடுத்து ஒப்பிட்டுத் தெளிகிறோம்.

சிற்றினங்கள் பல சேர்ந்த பேரினத்துக்கும் இவ்விதி உண்டு. அதற்கு ஒரு சிற்றினமே மூல மாதிரியாக நிற்கும். அகேசியா என்னும் பேரினத்துக்கு அவ்வாறு நின்றது நம் கருவேலம். முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், முள்மரத்துக்குப் பொருந்தியே இருந்தது.

பிற்கால ஆராய்ச்சியில் அப்பேரினத்தைப் பலவாகப் பிரிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. பழைய பெயர் எப்பிரிவுக்கு உரியது என்ற வழக்கு எழுந்தது. முந்தியவருக்கே உரிமை என்னும் நியாயம் கருவேலத்தின் பக்கம் இருந்தது. ஆனால் வாட்டில்களோ ஏறத்தாழ 1000. அத்தனைக்கும் பெயர் மாற்றினால் பெருங்குழப்பம் விளையும். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு ஆஸ்திரேலிய மரம் ஒன்றை மூல மாதிரியாக ஏற்றது. ஆப்பிரிக்க அறிஞர் பலர் மறுத்தும், 2011-இல் மெல்போர்னிலும் அம்முடிவே நிலைத்தது. கருவேலம் வாச்செல்லியா நிலோட்டிகா ஆயிற்று. வந்தேறிய சீகை அகேசியாவாகவே இருக்க, கருவேலம் அப்பெயரை இழந்தது.

நியாயத்தினும் வசதியே வென்றது என்று நாம் வருந்தலாம். எனினும் வாச்செல்லியா என்னும் பெயர் நமக்கு முற்றும் அயலானதன்று. அது முதலில் வெளிவந்தது, சென்னை மாகாணத்தில் மருத்துவராய்ப் பணிபுரிந்த ராபர்ட் வைட், ஆர்னட் என்பாருடன் எழுதி 1834-இல் வெளியிட்ட இந்தியத் தீபகற்பத் தாவர நூலில்தான். நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்த ஏட்டிலிருந்தே கருவேலம் தன் புதுப்பெயரைப் பெற்றிருக்கிறது.

ஏட்டில் எப்பெயர் இருப்பினும், வரப்போரத்து மரம் உழவருக்குக் கருவேலமே. அப்பெயரை மாற்ற எந்த மாநாட்டுக்கும் உரிமையில்லை.