உழைப்பும் உள்ள நலமும்



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுவர் என்பதற்கு உடல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். பள்ளிக்கு மருத்துவர் வந்தால் உயரம் அளக்கிறார், எடை பார்க்கிறார், கண்ணையும் பல்லையும் சோதிக்கிறார். காய்ச்சல் கண்டால் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறோம். அதற்காக நம்மை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால், "சில நாட்களாக என் மனம் நன்றாக இல்லை" என்று ஒரு மாணவன் விண்ணப்பம் எழுதியதை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. அத்தகைய துன்பம் எவருக்கும் இருந்ததில்லை என்பது இதன் பொருளன்று. மனம் சோர்வதைக் குற்றமாக எண்ணி நாம் மறைத்து வைக்கிறோம் என்பதே பொருள். அவ்வெண்ணம் தவறானது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாமல் இருப்பது மட்டுமே நலம் ஆகாது. உடலும் உள்ளமும் சமுதாய வாழ்வும் செம்மையாக இருப்பதே நலம் என்னும் கருத்தை அது உலகுக்கு வழங்கியது. ஆகவே, உள்ள நலம் என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமன்று. உழைத்து வாழும் ஒவ்வொருவருக்கும் அது அடிப்படைத் தேவையாகும்.

மன அழுத்தம் என்பது யாது? வரப்பின்மீது நடந்து செல்கிறீர்கள். கட்டறுத்துக்கொண்ட காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. உடனே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, பசி மறந்துபோகிறது, கால்களுக்கு எங்கிருந்தோ ஒரு வலிமை வருகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கானன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். மரத்தில் ஏறித் தப்பிவிட்டால் சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். தேர்வுக்கு முன் தோன்றும் படபடப்பும் இத்தகையதே. அளவோடு இருக்கும்வரை அது நமக்குத் துணைசெய்யும்.

காளை போகாமல் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? அடையாத கடன், மேலதிகாரியின் சுடுசொல், தொடர்ந்து வரும் இரவுப் பணி, எத்தனை எழுதியும் முடியாத கோப்புகள், மதிப்பெண் பற்றிய அச்சம் ஆகியவையெல்லாம் போகாத காளைகள். மான்ட்ரியால் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினார். உடல் முதலில் விழித்துக்கொள்கிறது. பின்னர்த் தாங்கி நிற்கிறது. தொல்லை நீடித்தால் இறுதியில் களைத்து வீழ்கிறது. இம்மூன்று படிகளை அவர் கண்டார். தாங்கி நிற்கும் காலத்தில், தமக்கு ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

நம் சிற்றூர்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்னர், மாடு பூட்டித் தோல் சாலால் கிணற்று நீரை இறைத்தார்கள். அதற்குக் கவலை இறைத்தல் என்று பெயர். மனத் துயரையும் நாம் கவலை என்றே சொல்கிறோம். கவலை இறைத்த உழவர் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தார். நீர் தாழ்ந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு, "கிணறு ஊறட்டும்" என்று நிழலில் அமர்வார். ஊறுவதற்கு முன் இறைத்தால் சேறுதான் வரும். அவர் அமர்ந்திருந்ததைச் சோம்பல் என்று எவரும் சொன்னதில்லை. அதுவும் இறைப்பு வேலையின் ஒரு பகுதியே.

என்னிடம் பயின்ற பெண் ஒருவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தார். "ஐயா, முன்பெல்லாம் நோயாளி ஒருவர் முனகினால் என் மனம் துடிக்கும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. நான் இரக்கமற்றவளாகி விட்டேனா?" என்று கேட்டார். விசாரித்தேன். வாரக்கணக்கில் இரவுப் பணி. இருவர் கவனிக்க வேண்டிய நோயாளிகளை ஒருவரே கவனிக்கும் நிலை. பகலில் வீட்டு வேலை. உறக்கமோ நான்கு மணி நேரம். "இரக்கம் எங்கும் போய்விடவில்லை, அம்மா. கிணற்றை ஊறவிடாமல் இறைத்திருக்கிறாய்" என்றேன். அவர் தம் தலைமைச் செவிலியரிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார்; பணி முறை மாற்றப்பட்டது. மனநல மருத்துவரையும் கண்டார். சில மாதங்களில் பழைய பரிவு திரும்பியது. இன்றும் அதே பணியில் இருக்கிறார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு இந்நிலையைப் பணிச்சோர்வு என்று வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஆற்றல் முழுவதும் வற்றிப்போதல் ஒன்று. வேலையின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல் மற்றொன்று. எதையும் திறம்படச் செய்ய இயலவில்லை என்ற எண்ணம் மூன்றாவது. அந்நிறுவனம் இதனை ஒரு நோயாகக் கொள்ளவில்லை. பணியிடத்து அழுத்தம் நீண்ட நாள் சரிசெய்யப்படாமையால் விளையும் நிலை என்றே கூறியது. எனவே, பொறுப்பு உழைப்பவரை மட்டும் சார்ந்ததன்று. வேலை வாங்குபவரையும் சார்ந்தது.

இதற்குச் சான்று ஒன்று சொல்கிறேன். இலண்டன் மாநகரில் 17,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1967-ஆம் ஆண்டு தொடங்கியது. பெரிய பொறுப்புகளைச் சுமக்கும் உயர் அதிகாரிகளே இதய நோயால் மிகுதியாக இறப்பர் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால், கீழ்நிலை ஊழியர்களே மிகுதியாக இறந்தனர். புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பின்னரும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி, தம் வேலையின் போக்கைத் தாமே முடிவு செய்யும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் மிகுதி என்று காட்டியது. நாளை உங்களில் சிலர் அதிகாரிகள் ஆவீர்கள், ஆசிரியர்கள் ஆவீர்கள். உங்கள்கீழ்ப் பணிபுரிபவரைக் கலந்து பேசுவதும், அவருக்கு உரிய ஓய்வைத் தருவதும் அவர் உயிருக்குச் செய்யும் காவல் என்பதை அப்போது நினைவில் வையுங்கள்.

இன்னொரு செய்தி. விளையாட்டிடங்களில், "இவனைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டும்" என்று கேலி பேசுவதை நான் பலமுறை கேட்டுக் கண்டித்திருக்கிறேன். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-ஆம் ஆண்டிலிருந்து வரலாறு உடைய ஒரு மருத்துவ நிலையம். 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், குணமடைந்தோர் தொழில் கற்று மீண்டும் சமுதாயத்தில் வாழ வேண்டும் என்று அரும்பாடுபட்டவர். அவ்விடத்தின் பெயர் வசைச்சொல்லாக இருக்கும்வரை, துன்பப்படும் உங்கள் நண்பன் வாய் திறக்கமாட்டான். உங்கள் கேலி அவன் மருந்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது.

இனி, அன்றாடம் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது உறக்கம். உங்கள் வயதில் நாள்தோறும் எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்க வேண்டும். உறக்கத்தை விற்று மதிப்பெண் வாங்க முடியாது. படித்தது நெஞ்சில் நிலைப்பதே உறக்கத்தில்தான். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாதீர்கள். இரண்டாவது, உடல் அசைவு. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடுங்கள், ஓடுங்கள், நடங்கள். மூன்றாவது, கவலைகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். நம்மால் செய்யக்கூடியவை ஒருபுறமும், நம் கையில் இல்லாதவை மறுபுறமும் பிரிந்து நிற்கும். முதற்பகுதியில் ஒன்றை இன்றே செய்யுங்கள். நான்காவது, மனம்விட்டுப் பேச ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தாயோ, அண்ணனோ, ஆசிரியரோ, நண்பனோ, எவராயினும் சரி.

இவையெல்லாம் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு நீங்காமலும், உண்ணவும் உறங்கவும் படிக்கவும் இயலாமலும் இருந்தால், மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது; அருகில் இருப்பவரிடம் அக்கணமே சொல்லுங்கள். உங்கள் நண்பன் அப்படிச் சொன்னால், அதை இரகசியமாக வைக்காமல் பெரியவர்களிடம் தெரிவியுங்கள். அவர்கள் வரும்வரை அவனைத் தனியே விடாதீர்கள். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அதன் எண் 14416. இரவிலும் பகலிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. உரிமையானதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

உழைப்பு உயர்ந்தது. ஆனால், உழைக்கும் உள்ளம் உழைப்பைவிட உயர்ந்தது. இரண்டையும் காத்து நீங்கள் நெடுங்காலம் நலமுடன் வாழ வேண்டும்.