கடற்பசுவின் கண்ணீர் யாருக்கு மருந்து?



போர்ட் கிள்ளான் படகுத்துறையில் கெத்தாம் தீவுக்குப் படகு ஏறும் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "அம்மா, இந்தக் கடலில் கடற்கன்னி இருக்குமா?" பெற்றோர் சிரித்துவிட்டு, இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆனால், அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மலாய் மொழியில் கடற்கன்னிக்குப் புத்ரி டுயோங் என்று பெயர். அதில் வரும் டுயோங் கற்பனை அல்ல; உயிருள்ள பிராணி. தமிழில் அதைக் கடற்பசு என்கிறோம். தமிழ்நாட்டுக் கரையோர மீனவர்கள் ஆவுளியா என்பார்கள்.

இது மீன் அல்ல, பாலூட்டி. சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடைவரை வளரும். ஆழம் குறைந்த கடலடியில் வளரும் கடற்புல்லே இதன் ஆகாரம். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும்.

பசு என்று பெயர் இருந்தாலும், இதன் நெருங்கிய உறவு மாடு அல்ல, யானை. ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தம் உண்டு. யானையைப் போலவே பெண்ணுக்கு மடி முன்னங்கால் பக்கம் இருக்கிறது. மரபணு ஆய்வும் இந்த உறவை உறுதி செய்துள்ளது. ஜமைக்காவில் கிடைத்து 2001-இல் விவரிக்கப்பட்ட ஏறக்குறைய 5 கோடி ஆண்டுப் பழமையான எலும்புகளில் நான்கு கால்கள் இருந்தன. நிலத்தில் நடந்த பிராணிதான் மெல்ல மெல்ல நீருக்குள் இறங்கியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். மூன்று, அமெரிக்க, ஆப்பிரிக்க நீர்நிலைகளில் வாழும் மானட்டி வகைகள். அவற்றின் வால் துடுப்பு போல் வட்டமாக இருக்கும். நான்காவது நமது டுயோங். இதன் வால் திமிங்கலத்தைப் போல் பிளவுபட்டது.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. 1741-இல் பெரிங் தீவில் கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர், 8 மீட்டர் நீளமுள்ள ஒரு கடற்பசுவைப் பற்றி எழுதினார். அவ்வழியே போன வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காக அதைக் கொன்றார்கள். 1768-க்குள் அந்த இனமே அழிந்தது. உலகுக்குத் தெரிய வந்த 27 ஆண்டுகளில் கதை முடிந்துவிட்டது!

டுயோங்குக்கும் அந்தக் கதி வருமா? கணக்கைப் பாருங்கள். கடற்பசு 70 ஆண்டுவரை வாழக்கூடியது. ஆனால் கர்ப்பக் காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக அமைந்தாலும், 100 கடற்பசுக்கள் உள்ள கூட்டம் ஓராண்டில் 5 கூடினால் அதுவே அதிகம். வலையில் சிக்கி நான்கைந்து தாய்கள் இறந்தால், அந்தக் கூட்டம் தேயத் தொடங்கிவிடும்.

செவுள் வலையில் மாட்டிய கடற்பசு மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறக்கிறது. வேகப் படகு மோதியும் இறக்கிறது. இன்னொரு பெரிய ஆபத்து, புல் அழிவது. சேறு கலங்கி வெயில் இறங்காவிட்டால் கடற்புல் பட்டுப்போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021-இல் ஏறக்குறைய 1,100 மானட்டிகள் இறந்தன. மாசுபட்ட நீரில் புல் அழிந்து, பலவும் பட்டினியால் மாண்டன.

நம் நாட்டிலும் ஜொகூரின் மெராம்போங் பகுதி பெரும் கடற்புல் பரப்புக்குப் பெயர் பெற்றது. 2014-இல் அங்கே கடலை நிரப்பி நிலமாக்கும் பணி தொடங்கியபோது புல்வெளியின் மீதே மணல் கொட்டப்பட்டது. மெர்சிங்கிற்கு அப்பால் உள்ள சிபு, திங்கி தீவுகளைச் சுற்றி இன்றும் டுயோங் மேய்கிறது. அங்கே ஆய்வு செய்து வருபவர்களில் முக்கியமானவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். அவர் இணைந்து தொடங்கிய மரேசெட் அமைப்பு கடல் பாலூட்டிகளுக்காகவே இயங்குகிறது.

அக்கரையிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கிள்ளானில் இருக்கிறார்கள். அந்த நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. வலையை அறுத்தால் நஷ்டம் மீனவருக்கு. அதில் அரசு பங்கெடுத்தால்தான் பாதுகாப்பு நிலைக்கும். இங்கும் சிந்திக்க வேண்டிய வழி இது.

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு மீன்வள விதிமுறைகளின்படி டுயோங் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அனுமதியின்றிப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் டுயோங் கண்ணீர் என்று சொல்லி, மனம் விரும்பியவரை வசப்படுத்தும் மருந்தாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கரைக்கு இழுக்கப்பட்ட கடற்பசுவின் கண்ணில் வழிவது, காற்றுப்பட்டுக் கண் காய்ந்துவிடாமல் காக்கும் திரவம். அதில் வசியமும் இல்லை, மருந்தும் இல்லை.

வாங்க ஆள் இல்லாவிட்டால் விற்க ஆள் வரமாட்டார். கடலுக்குப் போகிறவர்கள் கிழிந்த வலையைக் கடலிலேயே விட்டுவிடாதீர்கள். தீவுப் பகுதிகளில் புல்வெளி மீது படகு ஓட்டும்போது வேகத்தைக் குறையுங்கள். கடற்பசு சிக்கியதையோ கரையொதுங்கியதையோ கண்டால் உடனே மீன்வள இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த முறை பிள்ளை கடற்கன்னியைப் பற்றிக் கேட்டால், டுயோங் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்கும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.